வழுவும் குற்றமும்: பௌதிக அளவீட்டு வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

பல்கலைக்கழகப் பௌதிக ஆய்வுகூடத்தில் மாணவர் முதலிற் பயில்வனவற்றுள் ஒன்று வழுக் கணிப்பு. ஓர் அளவீட்டைப் பன்முறை செய்து, இடை கண்டு, அதன் ஐயப்பாட்டெல்லையையும் சேர்த்து எழுதுவது அதன் நடைமுறை. இது பெரும்பாலும் வெறும் கணித உத்தியாகவே கற்பிக்கப்படுகின்றது. ஆயின் இவ்வுத்திக்கும் ஒரு சமூக வரலாறு உண்டு. அதன் சில கூறுகளை இங்கு நோக்குவோம்.

1796ஆம் ஆண்டில் கிறீனிச் வான்கூடத்தின் தலைவர் நெவில் மஸ்கெலின், தம் உதவியாளர் டேவிட் கின்னெபுறூக்கைப் பணிநீக்கம் செய்தார். விண்மீனொன்று தொலைகாட்டியின் கம்பியைக் கடக்கும் கணத்தை, கடிகார ஒலியை எண்ணியவாறே குறிப்பது உதவியாளரின் பணி. தலைவர் குறித்த நேரத்தினும் அவர் குறித்த நேரம் 0.8 செக்கன் பிந்தியிருந்தது. கடல் வணிகத்திற் தங்கியிருந்த பேரரசின் கப்பற் பயணங்களுக்கு வேண்டிய அட்டவணைகள் அவ்வான்கூடப் பணியையே ஆதாரமாகக் கொண்டிருந்தன. எவருடைய வாசிப்புச் சரியானது என்பதை அங்கு அளவீடு தீர்மானிக்கவில்லை, பதவியே தீர்மானித்தது.

இந்நிகழ்வை மீள நோக்கியவர், வணிக நிறுவனமொன்றில் எழுதுவினைஞராகத் தொழில் தொடங்கிப் பின் வானியலாளரான பெசெல் ஆவார். 1820களில் அவர் தம் வாசிப்புகளைப் பிற வானியலாளரின் வாசிப்புகளோடு ஒப்பிட்டார். தேர்ந்த நோக்குநரிடையேகூட ஒரு செக்கனுக்கு மேற்பட்ட வேறுபாடு இருந்தது. உதவியாளரின் குற்றமெனக் கொள்ளப்பட்டது, நோக்குவோர் யாவரிடத்தும் காணப்படும் இயல்பாயிற்று. லெஜாந்தர் 1805இல் வெளியிட்ட இழிவு வர்க்க முறையும், கவுஸ் 1809இல் வகுத்த வழுக் கோட்பாடும் இத்தகைய வேறுபாடுகளைக் கணிதத்துக்குட் கொணரும் வழியை ஏற்கெனவே திறந்திருந்தன.

வானியலாளரிடையே வளர்ந்த இம்முறை பௌதிக மாணவரின் பாடமானது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலாகும். 1858இல் இடப்பட்ட அத்திலாந்திக் தந்திவடம் சில வாரங்களிற் செயலிழந்தது. வடங்களைச் சோதிப்பதற்கு மின்தடையின் பொது அலகொன்று இன்றியமையாததாயிற்று. 1861இல் பிரித்தானிய விஞ்ஞான மேம்பாட்டுச் சங்கம் அதற்கெனக் குழுவொன்றை அமைத்தது. மக்ஸ்வெலும் அதிற் பங்குகொண்டார். 1870இல் வெளிவந்த கோல்றவுஷின் செய்முறைக் கைநூல் வழுக்கள் பற்றிய விளக்கத்துடனேயே தொடங்கிற்று. 1874இல் மக்ஸ்வெலின் தலைமையிற் கேம்பிரிட்ஜின் கவெண்டிஷ் ஆய்வுகூடம் திறக்கப்பட்டது. எனினும் வழுக் கோட்பாட்டைத் தந்தித் தொழிலின் நேரடி விளைவெனக் கொள்வது இயந்திரப் பாங்கானதாகும். கோட்பாடு முன்னரே தோன்றியது. அதனைப் பரந்த பயிற்சியாக்கும் தேவையையே தொழில் உருவாக்கிற்று எனலாம்.

மக்ஸ்வெலின் குழு மிகுந்த கவனத்துடன் வரையறுத்த தடை அலகு, கருதிய பெறுமானத்தினும் ஏறத்தாழ 1.3 சதவீதம் குறைவானது என்பதை 1880களின் தொடக்கத்தில் றேலி தலைமையில் அதே கவெண்டிஷில் நடந்த பரிசோதனைகள் காட்டின. வாசிப்புகள் தம்முள் ஒத்திருத்தல் மட்டும் உண்மைக்குச் சான்றாகாது. முறைசார் வழுவை வெளிக்கொணர வேறொரு முறையும் வேறொருவரின் உழைப்பும் வேண்டும். மக்ஸ்வெல் போன்றோரின் பெயரும் அத்திருத்தத்துக்குத் தடையாகவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

இன்றும் ஊசல் கொண்டு புவியீர்ப்பு ஆர்முடுகலைக் காணும் மாணவர், விடை 9.8 என்பதை முன்னரே அறிவார். விடையின் அண்மைக்கே புள்ளி வழங்கப்படுமாயின், அவர் தம் வாசிப்புகளைத் திருத்தி எழுதத் தூண்டப்படுவார். அவ்வாய்வுகூடத்தில் வழு மீண்டும் குற்றமாகின்றது. கின்னெபுறூக்கின் நிலை அங்கு மாணவருடையதாகின்றது. எனவே பெற்ற விடைக்கன்றி, அது ஏன் விலகிற்று என்பதை மாணவர் ஆராய்ந்து கூறும் விளக்கத்துக்கே மதிப்பீட்டில் முதலிடம் அளிக்கப்படல் வேண்டும்.