நிர்வாகி

நெல்லிவாசல்நாட்டில் பள்ளிக் கணினியொன்றில் சாதாரணக் கணக்கில் நுழைந்து மென்பொருள் நிறுவப் பாருங்கள். திரை மங்கும், நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். விண்டோஸில் இது 2007இல் விஸ்டாவோடு வந்த வழக்கம்.

‘நிர்வாகி’ வடசொல். ‘வஹ்’ என்றால் சுமத்தல்; ‘நிர்’ சேர்ந்தால் கடைசிவரை சுமந்து முடித்தல். ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்பதன் லத்தீன் வேரோ பணிவிடை செய்தல். ஆக இரண்டு வேரிலும் அதிகாரம் இல்லை, வேலைதான் இருக்கிறது! (சங்க நிர்வாகிகள் கவனிக்க.)

இப்படி நிர்வாகி அனுமதி பெற இன்று லினக்ஸில் பயன்படும் ‘சூடோ’ கட்டளை 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோவில் பிறந்தது. முழு அதிகாரத்தையும் கொடுக்காமல், அந்தந்தக் கட்டளைக்கு மட்டும் இசைவு தரும்.

நெல்லிவாசல்நாடு இருக்கும் ஜவ்வாது மலையில் நாடு என்பது ஊர்த்தொகுதி. பக்கத்துப் புதூர்நாடும் அப்படித்தான். சோழர் கல்வெட்டுகளில் நாட்டுக் காரியம் பார்த்தவர்கள் ‘நாட்டார்’. அட்மினுக்கு அதையே வைத்திருக்கலாம். ஆனால் நாட்டார் ஒரு சபை. அட்மின் பெரும்பாலும் தனியாள்.