பிரஸ் கிட் என்றால் என்ன? சிறு நிறுவனங்கள் ஊடகத் தகவல் தொகுப்பில் கவனிக்க வேண்டியவை

புதுடெல்லி: புதிய பொருளைச் சந்தைக்குக் கொண்டுவரும் நிறுவனம், செய்தியாளர்களுக்குத் தேவையான தகவல்களையும் படங்களையும் ஒரே இடத்தில் திரட்டி வழங்குவதே 'பிரஸ் கிட்' எனப்படும் ஊடகத் தகவல் தொகுப்பு. முன்பு செய்தியாளர் சந்திப்புகளில் அட்டைக் கோப்பாக வழங்கப்பட்ட இது, இன்று பெரும்பாலும் நிறுவன இணையதளத்தின் ஒரு பக்கமாக அமைகிறது.

விளம்பரத்தில் நிறுவனம் மக்களிடம் நேரடியாகப் பேசுகிறது. தொகுப்பிலுள்ள வாக்கியமோ செய்தி நிறுவனங்கள் வழியாகப் பல மொழிகளுக்கும் பல நாளிதழ்களுக்கும் செல்கிறது. எனவே, அதில் புகழுரையைவிடச் சரிபார்க்கத்தக்க தகவலுக்கே மதிப்பு அதிகம்.

என்னென்ன இடம்பெற வேண்டும்?

* செய்திக்குறிப்பு: என்ன, எங்கே, எப்போது, யார், என்ன விலை என்பவை முதல் இரு பத்திகளுக்குள் இருக்க வேண்டும்.
* தகவல் தாள்: தொடங்கிய ஆண்டு, பதிவு செய்யப்பட்ட முகவரி, பணியாளர் எண்ணிக்கை, பொருளின் எடை, உட்பொருள்கள், கிடைக்கும் இடங்கள்.
* நிறுவனர் குறிப்பு: 100 சொற்களுக்கு மிகாத வாழ்க்கைக் குறிப்பு.
* படங்கள்: பொருள், நிறுவனர், உற்பத்திக்கூடம் ஆகியவற்றின் படங்கள், விளக்கக் குறிப்புகளுடன். அச்சுக்கு 300 டிபிஐ தரம் தேவை.
* தொடர்பு: விளக்கம் அளிக்கும் அதிகாரம் பெற்றவரின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல்.

ஒரு சொல் மாறினால்...

கர்நாடகத்தில் வெல்லம் சேர்த்துக் கேழ்வரகு பிஸ்கட் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்தை உதாரணமாகக் கொள்ளலாம். 'வெள்ளைச் சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்பது உண்மையாக இருக்கலாம். அதுவே சுருக்கத்திலோ மொழிபெயர்ப்பிலோ 'சர்க்கரை இல்லாதது' என்று மாறினால், அந்தச் செய்தியை நம்பி வாங்கும் நீரிழிவு நோயாளி பாதிக்கப்படுவார். 'இதில் வெல்லம் உள்ளது. 100 கிராமுக்கு மொத்தச் சர்க்கரை இவ்வளவு' என்று தொகுப்பிலேயே அளவுடன் எழுதிவிட்டால், இந்தப் பிழைக்கு இடமிருக்காது.

பெயர்களும் எண்களும்

ஆங்கில எழுத்துகளில் 'ரமா', 'ராமா' ஆகிய இரண்டு பெயர்களும் ஒரே வடிவில்தான் எழுதப்படுகின்றன. ல, ள வேறுபாடும் அவ்வாறே மறைந்துவிடுகிறது. நிறுவனர், ஊர், பொருள் ஆகியவற்றின் பெயர்களை உரிய இந்திய மொழி எழுத்திலும் தருவது இக்குழப்பத்தைத் தவிர்க்கும். இந்தியில் வினைச்சொல்லே ஆண், பெண் வேறுபாட்டைக் காட்டுவதால், தலைப்பெழுத்துகளால் மட்டும் அறியப்படுபவர் ஆணா, பெண்ணா என்பதையும் தெளிவுபடுத்த வேண்டும்.

10 லட்சம் என்பது ஒரு மில்லியன். 100 கோடி என்பது ஒரு பில்லியன். தொகுப்பு முழுவதும் ஒரே அளவுமுறையைப் பின்பற்றுவது நல்லது. 'கடந்த ஆண்டு' என்பதற்குப் பதிலாக, '2024-25 நிதியாண்டு' என ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான காலத்தைக் குறிப்பிட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், விளம்பரம் என்பதன் வரையறைக்குள் சுற்றறிக்கை, லேபிள், இன்வாய்ஸ் போன்ற ஆவணங்களும் வருகின்றன. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்காக, உற்பத்தியாளருக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ரூ.10 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். தவறு மீண்டும் நிகழ்ந்தால் அது ரூ.50 லட்சம் வரை உயரலாம்.

உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று கூறுவதை, வெளிப்படையான அனுமதி இல்லாத நிலையில், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் தடை செய்கின்றன. அந்த ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் தொழில் நடத்துவதற்கான அனுமதியைக் குறிக்குமே தவிர, தரத்துக்கான விருது ஆகாது. பதிவு பெறாத வணிகக் குறியைப் பதிவு பெற்றதாகக் காட்டுவதும் 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டத்துக்கு முரணானது.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்குக் கூடுதல் கடமை உண்டு. பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய முக்கியத் தகவல்களை அவை முதலில் பங்குச் சந்தைகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என செபியின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன.

படங்களின் உரிமை

வாடிக்கையாளர் அனுப்பிய படமோ, இணையத்தில் கிடைத்த படமோ நிறுவனத்தின் உடைமையாகிவிடாது. ஒவ்வொரு படத்துடனும் எடுத்தவர் பெயர், எடுத்த நாள், ஊடகங்கள் கட்டணமின்றிப் பயன்படுத்த அனுமதி உள்ளதா என்ற குறிப்பு ஆகியவை இருக்க வேண்டும்.

வெளியீட்டு நேரம்

'இந்த நேரத்துக்கு முன் வெளியிட வேண்டாம்' என்ற எம்பார்கோ வேண்டுகோள், பெரும்பாலும் ஊடகங்களின் ஒப்புதலையும் நம்பிக்கையையும் சார்ந்த ஏற்பாடு. நாள், மணி, இந்திய நேரம் ஆகியவற்றை முதல் வரியிலேயே குறிப்பிட வேண்டும்.

விலை, முகவரி, பொறுப்பாளர் மாறும்போது தொகுப்பையும் உடனே திருத்தி, திருத்திய நாளை முகப்பில் எழுதுவது அவசியம். பழைய தொகுப்பு இணையத்தில் நீடித்தால், பல மாதங்களுக்குப் பிறகும் ஒரு செய்தியாளர் பழைய விலையையே எழுத நேரிடும். அதை நம்பிக் கடைக்குச் செல்லும் வாடிக்கையாளருக்குத்தான் ஏமாற்றம் மிஞ்சும்.