ஒன்பது வாலும் ஒரு பழியும்

போக்கிமான் விளையாட்டில் நைன்டெய்ல்ஸ் என்றொரு நரி உண்டு. பொன்னிற மயிர், ஒன்பது வால்கள், வாயைத் திறந்தால் தீ. 1996 பிப்ரவரியில் ஜப்பானில் வெளியான முதல் விளையாட்டிலேயே, 151 உயிர்களின் வரிசையில் 38-ஆவதாக அது இருந்தது. ஜப்பானிய மொழியில் அதன் பெயர் கியூகோன். 'கியூ' என்றால் ஒன்பது. 'கோன்' என்பது ஜப்பானியர் காதில் விழும் நரியின் குரல். வல்பிக்ஸ் என்ற ஆறு வால் குட்டி நரிக்கு நெருப்புக்கல்லைக் கொடுத்தால் அது நைன்டெய்ல்ஸாக வளரும். விளையாட்டின் குறிப்பேடு அதற்குக் கொடுக்கும் நற்சான்றிதழ் இது: மிகுந்த அறிவுள்ளது, வஞ்சம் தீர்ப்பது, அதன் வாலைப் பிடித்தால் ஆயிரம் ஆண்டுச் சாபம் வரும்.

1999-இல் வந்த அடுத்த விளையாட்டில் இந்த உயிர்களுக்கு ஆண், பெண் என்று பால் பிரித்தார்கள். தீ கக்கும் பல்லியான சார்மாண்டர் எட்டில் ஏழு ஆண். தீ கக்கும் நரியான வல்பிக்ஸோ நான்கில் மூன்று பெண். அழகும் அறிவும் வஞ்சமும் சாபமும் ஓர் உடலில் சேர்ந்தால் அந்த உடல் பெண்ணுடையதாகத்தான் இருக்கும் என்று நமக்கு ஏன் தோன்றுகிறது? விளையாட்டை உருவாக்கியவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதல்ல என் கேள்வி. அவர்கள் கைக்கு வருமுன் பல நூற்றாண்டுகளாகவே இந்த நரி பெண்ணாகத்தான் இருந்தது. அதற்கும் முன்னால் அது என்னவாக இருந்தது என்பதுதான் கேள்வி.

சீனாவின் பழம்பெரும் நூல்களில் ஒன்றான ஷான்ஹாய் ஜிங், சிங்சியூ மலையில் ஒன்பது வால் நரி இருப்பதாகச் சொல்கிறது. அது குழந்தைபோல் கத்தும், மனிதரைத் தின்னும்; அதைத் தின்றவரை விஷம் அண்டாது. அவ்வளவுதான். மயக்கும் அழகியாக மாறுவது பற்றி அங்கே பேச்சே இல்லை. ஹான் அரசர் காலத்துக் (பொ.ஆ.மு. 202 – பொ.ஆ. 220) கல்லறைச் சிற்பங்களில் இதே நரி மேற்குத் திசையின் அன்னை தெய்வமான சிவாங்மூவின் பரிவாரத்தில் நிற்கிறது. அன்று அது நற்சகுனம். ஒன்பது வால்கள் குலம் தழைப்பதற்கான அடையாளம் என்று அக்காலத்து அறிஞர்கள் விளக்கினார்கள்.

நற்சகுனம் எப்படிப் பெண்பேய் ஆனது? அதற்கு ஓர் அரசு வீழ வேண்டியிருந்தது. ஏறத்தாழ பொ.ஆ.மு. 1046-இல் முயே என்ற களத்தில் ஷாங் அரசை ஜௌ படை வென்றது. அப்போது ஜௌ அரசர் வூ ஆற்றியதாகச் சொல்லப்படும் உரை ஒன்று உண்டு. பெட்டைக்கோழி விடியலில் கூவினால் குடும்பம் கெடும், எதிரி அரசனோ பெண் பேச்சைக் கேட்கிறான் என்பது அதன் சாரம். பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா என்று நம் வீடுகளில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. படையெடுப்புக்கு நியாயம் சொல்ல முதலில் கிடைத்தவள் எதிரியின் மனைவி. தாஜி என்று பின்னாளில் பெயர் சொல்லித் திட்டப்பட்டவள் அவள்தான்.

அந்த உரையில் நரி இல்லை. 16-ஆம் நூற்றாண்டின் ஃபெங்ஷென் யான்யி நாவலில் தாஜி முழுமையான நரியாகிவிடுகிறாள். கதை இப்படிப் போகிறது: அரசன் நூவா என்ற பெண்தெய்வத்தின் கோயிலில் நின்று அவளையே இச்சித்துக் கவிதை எழுதுகிறான். கோபம்கொண்ட தெய்வம் அவனை அழிக்க நரியை அனுப்புகிறாள். நரி தாஜியைக் கொன்று அவள் உடலுக்குள் புகுந்து, சொன்ன வேலையை முடிக்கிறது. கடைசியில் கொடுமை செய்தாய் என்று அதே தெய்வம் நரியைப் பிடித்துக் கொடுக்க, அதன் தலை வெட்டப்படுகிறது. குற்றம் செய்தவன் ஆண். ஏவியது மேலிடம். தலை மட்டும் நரியுடையது.

அதே ஷாங் அரசில் உண்மையில் வாழ்ந்த ஒரு பெண்ணை நமக்குத் தெரியும். 1976-இல் ஆன்யாங்கில் ஜெங் ஜென்சியாங் என்ற பெண் தொல்லியலாளர் தலைமையில் தோண்டப்பட்ட கல்லறை ஃபூ ஹாவோ என்ற அரசியுடையது. பொ.ஆ.மு. 1200-ஐ ஒட்டி வாழ்ந்தவர். கல்லறையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆயுதங்களும், அவர் பெயர் பொறித்த வெண்கலப் போர்க்கோடரியும் கிடைத்தன. அவர் 13,000 பேரைத் திரட்டிப் போருக்குப் போனதைக் குறிகேட்கும் எலும்பில் எழுதிவைத்திருக்கிறார்கள். மூவாயிரம் ஆண்டுகள் அவர் மண்ணுக்கடியில் கிடந்தார். தாஜியோ மேடைதோறும் ஆடிக்கொண்டிருந்தாள்.

நரி கடல் கடந்து ஜப்பானுக்குப் போனபோது அதற்கு தாமாமோ என்று பெயர். மகத இளவரசனையும் சீன அரசனையும் கெடுத்த அதே நரிதான் 12-ஆம் நூற்றாண்டில் துறவரசர் தோபாவின் அரண்மனைக்கு வந்தது என்கிறது கதை. பேரழகி, எந்தக் கேள்விக்கும் விடை தெரிந்தவள். அரசர் நோயில் விழுகிறார். ஆபே குலத்துக் குறிசொல்லி இவள்தான் காரணம் என்று காட்டிக்கொடுக்கிறான். நாசு சமவெளிக்கு ஓடியவளை வீரர்கள் கொல்ல, அவள் கல்லாகிறாள்.

தாமாமோவின் சாயல் தோபாவின் மனைவி பிஃபுகுமோன்-இன் (1117–1160) என்பவருடையது என்று சொல்வதுண்டு. அவர் மகன் கொனோயே மூன்று வயதில் அரியணை ஏறி 17 வயதில் இறந்தான். 1156-இல் தோபா இறந்ததும் வாரிசுரிமைக்காகப் போர் மூண்டது. அப்பாவும் மகன்களும் சகோதரர்களும் வாளெடுத்த போர் அது. பழி மட்டும் வாளெடுக்காத அரசியின் பக்கம் சாய்ந்தது. அவர் பெரும் நிலவுடைமைகளைக் கையில் வைத்திருந்தவர்; அவர் மகள் ஹாச்சிஜோ-இன்னும் அப்படியே. தாமாமோ கதை எழுத்தில் பரவியது 14, 15-ஆம் நூற்றாண்டுகளில். படைவீரர் குடும்பங்களில் மகள்களின் சொத்துரிமை ஆயுட்கால அனுபவமாகச் சுருங்கிய காலமும் ஏறத்தாழ அதுதான். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

நாசுவில் அந்தக் கல் இன்றும் இருக்கிறது. சுற்றிலும் எரிமலைப் பிளவுகளிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கசிகிறது. பூச்சிகளும் பறவைகளும் அதனால்தான் செத்தன. 2022 மார்ச்சில் கல் இரண்டாகப் பிளந்து கிடந்தது. செய்தி உலகெங்கும் பரவியது: அவள் தப்பிவிட்டாள்! நிலத்தின் வாயுவுக்குக்கூட ஒரு பெண்ணின் பெயர்தான் கிடைத்தது.

இதெல்லாம் கதைதானே என்று கேட்கலாம். இசுமோ வட்டாரத்தில் சில குடும்பங்கள் நரி வளர்ப்பவை என்று முத்திரை குத்தப்பட்டன. 1890-இல் மாட்சுவேயில் குடியேறிய எழுத்தாளர் லாஃப்காடியோ ஹெர்ன் இதைப் பதிவுசெய்திருக்கிறார். மகள் மணமாகிப் போனால் நரிகளும் கூடவே போகும் என்று நம்பினார்கள். அதனால் அந்த வீட்டுப் பெண்ணை எடுக்க ஆளில்லை. புதிதாகப் பணம் சேர்த்த குடும்பங்கள்மீதே இந்தப் பழி பெரிதும் விழுந்ததாக நாட்டாரியல் ஆய்வாளர்கள் பின்னர் காட்டினார்கள். பொறாமை ஊருக்கு, தண்டனை மகளுக்கு. செவ்வாய் தோஷம் என்றும், ராசியில்லாதவள் என்றும் பெண்களைத் திருப்பி அனுப்பும் நமக்கு இந்தக் கணக்கு புரியாததல்ல.

ஆனால் ஜப்பானிய மரபில் வேறொரு நரியும் உண்டு. குஸுனோஹா. தன் உயிரைக் காத்தவனை மணந்து பிள்ளை பெற்றவள். உண்மை உருவம் தெரிந்ததும் பிள்ளையைப் பிரிந்து காட்டுக்குத் திரும்பியவள். 1734-இல் பொம்மலாட்ட மேடை ஏறிய அவள் கதைக்குப் பார்வையாளர்கள் அழுதார்கள். அவள் மகனாகச் சொல்லப்படும் ஆபே நோ செய்மெய் ஜப்பானின் புகழ்பெற்ற குறிசொல்லி. தாமாமோவைக் காட்டிக்கொடுத்த குறிசொல்லி அந்தக் குலத்தவன்தான். நரியின் அறிவு மகனிடம் வந்தால் மேதைமை. பெண்ணிடமே தங்கிவிட்டால் சூனியம்.

இன்று நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் நைன்டெய்ல்ஸைத் தம் அணியில் சேர்த்துப் போருக்கு அனுப்புகிறார்கள். அதன் தீ அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. பிடிக்கட்டும். குறிப்பேட்டில் உள்ள அந்த ஆயிரம் ஆண்டுச் சாபத்தை அவர்கள் படிக்கும்போது மட்டும் நாம் அருகில் இருந்து ஒன்றைக் கேட்க வேண்டும்: முதலில் வாலைப் பிடித்து இழுத்தது யார்?