பக்கத்தில் உட்கார்ந்த வாத்தியார்கள்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் கூடுவாஞ்சேரியில் நந்திவரம் பக்கம் புதிதாக எழும்பியிருக்கும் அடுக்குமாடிகளைத் தாண்டி மாலையில் நடந்தால், ஏதாவது ஒரு வீட்டிலிருந்து வயலினில் சரளி வரிசை கேட்கிறது. சந்தோஷமான விஷயம். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் என்னைப் பார்த்தால் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சார், மேடை ஏற எத்தனை வருஷம் ஆகும்?"

நான் சங்கீத வாத்தியார் இல்லை. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவன், கச்சேரி கேட்கும் ரசிகன், அவ்வளவுதான். ஆகவே சரித்திரத்தை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். படித்து முடித்த பிறகு ஏறும் இடம் மேடை என்று நாம் நினைக்கிறோம். நம் கர்நாடக சங்கீதத்தில் படிப்பில் பாதி மேடையில்தான் நடந்திருக்கிறது. அங்கே வாத்தியார் பல சமயம் வயலினோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

முதலில் வயலின் இங்கே வந்த கதை. இன்று எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்குப் பெயர்போன மணலிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. முத்துசுவாமி தீட்சிதரின் தந்தை ராமசாமி தீட்சிதர், மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் குடும்பத்தோடு அங்கே வாழ்ந்தார். முத்துசுவாமியின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786-1859) அந்தக் காலத்தில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் இதில் பெயர் பெற்றார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-ல் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

மேற்கே நின்றுகொண்டு தாடைக்கும் தோளுக்கும் நடுவில் வைத்து வாசித்த வாத்தியத்தை, நம்மவர்கள் சம்மணமிட்டு உட்கார்ந்து, மார்புக்கும் வலது காலுக்கும் நடுவில் நிறுத்தினார்கள். இடது கைக்குப் பாரம் இல்லை. விரல் தந்தியில் தாராளமாக வழுக்கி கமகம் பிடிக்கலாம். தந்திகளையும் ச, ப, ச, ப என்று மாற்றிச் சேர்த்தார்கள். மனிதக் குரலோடு ஒட்டிப் போக இது தோதாக அமைந்தது. பாட்டுக் கச்சேரியில் வயலின் நிலைத்துவிட்டது.

இனி அந்தப் பக்கத்து ஆசனத்தில் நடக்கும் வேலையைப் பாருங்கள். பாடகர் ராகம் ஆலாபனை செய்யும்போது வயலின்காரர் நிழல்போலப் பின்னாலேயே வர வேண்டும். பிறகு அதே ராகத்தைத் தனியாக வாசிக்க வேண்டும். நிரவலிலும் கற்பனை ஸ்வரத்திலும் மாற்றி மாற்றிப் பதில் தர வேண்டும். ஒத்திகை கிடையாது.

பாடுபவர் சிறு வயதுக்காரர், வாசிப்பவர் பெரியவர் என்றால்? பிள்ளை ஒரு பிடியைக் கோட்டைவிட்டால், பெரியவர் அதை எடுத்துச் சரியாக வாசித்துவிடுவார். சபையில் பாதிப் பேருக்கு நடந்தது தெரியாது, பிள்ளைக்குத் தெரியும். அது பாடம். அதே பெரியவர் நினைத்தால் இரண்டு ஆவர்த்தனத்தில் பிரமாதமாக வாசித்துக் கைத்தட்டலை வாங்கிக்கொண்டு, பிள்ளையின் குரலை அடக்கியும் விடலாம். கூட வைத்து வளர்ப்பதா, அமுக்குவதா என்பது அவர் கையில் இருக்கிறது.

1927-ல் திருச்சி மலைக்கோட்டை நூற்றுக்கால் மண்டபத்தில் மதுரையிலிருந்து வந்த ஒரு சிறுமி பாடினார். வயது 11. பக்கத்தில் வயலின் மைசூர் சௌடையா, மிருதங்கம் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை. இருவருமே பெரிய வித்வான்கள். மைக் பரவலாக இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் நாதம் கேட்க வேண்டும் என்று, நான்கு தந்தியில் மூன்றுக்கு ஜோடி சேர்த்து ஏழு தந்தி வயலின் வாசித்தவர் சௌடையா. அப்படிப்பட்டவர் ஒரு குழந்தைக்குப் பக்கவாத்தியமாக உட்கார்ந்தார். அந்தக் குழந்தை எம்.எஸ். சுப்புலட்சுமி.

அடுத்து லால்குடி ஜெயராமன் (1930-2013). தந்தை கோபால ஐயரிடம் கற்று, 12 வயதில் பக்கவாத்தியக்காரராக மேடை ஏறியவர். அரியக்குடி, செம்பை, செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி ஐயர் என்று ஒவ்வொருவரும் ஒரு பாணி. ஒருவரோடு ஒருவர் ஒட்டாத அத்தனை பாணிக்கும் ஈடுகொடுத்து வாசித்ததுதான் அவருக்குக் கல்லூரி. பின்னாளில், தன்னைவிட 18 வயது இளையவரான டி.என். சேஷகோபாலன் போன்றவர்களுக்கும் அதே ஆசனத்தில் உட்கார்ந்து வாசித்தார்.

1965-ல் எடின்பரோ விழாவில் அவர் வாசிப்பைக் கேட்ட யெஹுதி மெனுஹின், தன் இத்தாலிய வயலினை அவருக்குப் பரிசளித்தார். அந்த மெனுஹினும் சிறுவனாக மேடை ஏறியவர். 1929-ல் பெர்லினில் புரூனோ வால்டர் என்ற பெரிய இசை நடத்துநரோடு பாக், பீத்தோவன், பிராம்ஸ் மூவரின் கச்சேரிப் படைப்புகளையும் ஒரே நிகழ்ச்சியில் வாசித்தபோது அவருக்கு வயது 12. 1963-ல் இங்கிலாந்தில் சிறு பிள்ளைகளுக்கென்றே இசைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பெரியவர்கள் கை கொடுத்து மேலே வந்தவர்களுக்கு அடுத்த கையைத் தேடத் தோன்றுகிறது, எந்த தேசமானாலும்.

1966-ல் லால்குடி, புல்லாங்குழல் என். ரமணி, வீணை ஆர். வெங்கட்ராமன் மூவரும் 'வயலின்-வேணு-வீணை' என்று சேர்ந்து வாசிக்கத் தொடங்கினார்கள். மூவரில் மூத்தவர் லால்குடி. மற்ற இருவரும் முப்பதை ஒட்டிய வயது. யாரும் யாருக்கும் பக்கவாத்தியம் இல்லை. பின்னர் மகன் ஜி.ஜே.ஆர். கிருஷ்ணனையும் மகள் விஜயலட்சுமியையும் பக்கத்தில் வைத்து மூன்று வயலினாக வாசித்தார்.

எனக்கு இதில் பெரிதாகத் தோன்றுவது, வயலின்காரரான அவர் பாடகர்களை உருவாக்கியதுதான். அவர் வில் சாகித்தியத்தின் சொல்லைச் சிதைக்காது. எங்கே சொல் முடிகிறதோ அங்கே வில் திரும்பும். இப்படி வாசிப்பவரால் பாட்டும் சொல்லித்தர முடியும். 1989-ல் பம்பாயிலிருந்து வந்து சேர்ந்த ஜெயஸ்ரீ, சாகேதராமன், ஹரிகதை சொல்லும் விசாகா ஹரி என்று அவரிடம் கற்ற குரல்கள் பல.

சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதிப் பட்டியலில் லால்குடி ஜெயராமன் பெயர் இல்லை. ஆனால் 2022-க்கான பட்டம் அவர் மகனுக்கும் மகளுக்கும். 2023-க்கான பட்டம் பாம்பே ஜெயஸ்ரீக்கு. ஒரு வாத்தியாராக இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. மாணவர்கள் வாங்கும் மார்க்தானே நம் மார்க்.

இன்றும் அந்த வழி அறுந்துவிடவில்லை. எம்.எல். வசந்தகுமாரிக்குப் பல ஆண்டுகள் வாசித்த அ. கன்யாகுமரி, 2016-ல் சங்கீத கலாநிதி பெற்றார். வயலின் கலைஞர்களில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். எம்பார் கண்ணன் உட்பட எத்தனையோ சிஷ்யர்களை உருவாக்கி, அவர்களைத் தன்னோடு மேடையில் உட்கார வைத்து வாசிக்கிறார்.

ஆனால் ஒரு கவலை. டிசம்பர் சீசனில் மதியக் கச்சேரிகளுக்கு அடிக்கடி போகிறேன். நான் பார்த்தவரை இளைஞர் பாடினால் பக்கத்திலும் இளைஞர்களே. நன்றாக வாசிக்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் தடுமாறும்போது தாங்கிப் பிடிக்க அனுபவம் உள்ள கை அருகில் இல்லை. பெரியவரை அழைத்தால் சன்மானம் கூடும், சபாவுக்குக் கட்டாது. நியாயம்தான். இருந்தாலும் வருடத்துக்கு இரண்டு மூன்று கச்சேரியாவது, 15 வயதுப் பிள்ளை பாட 60 வயது வித்வான் வாசிக்கும்படி சபாக்கள் வைக்கலாம். வாசிக்க மனமுள்ள பெரியவர்கள் இருக்கிறார்கள்.

பெற்றோருக்கு என் பதில் இது. எத்தனை வருஷம் என்று எண்ண வேண்டாம். பிள்ளையைக் கச்சேரிக்குக் கூட்டிப் போங்கள். மதியக் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட் இல்லை. நம் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்கினால் கிருஷ்ண கான சபாவும் வாணி மகாலும் ஆட்டோ தூரம்தான். பாடுபவரை மட்டும் பார்க்காமல், பக்கத்தில் வயலின் வாசிப்பவர் எப்போது பின்தொடர்கிறார், எப்போது விட்டுக்கொடுக்கிறார் என்று பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வரும் வழியில் அதைப் பற்றிக் கேளுங்கள்.

சிறு வயதுப் பாடகருக்கு மூத்த வித்வான் வாசித்த கச்சேரி எதையாவது நேரில் கேட்டவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். எந்த ஊர், எந்த வருஷம், என்ன ராகம் என்று தெரிந்தால் அதையும் சேர்த்து.