சுருட்டுக்காக விட்ட துளை

2003 ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை. பின்னேரம் நான்கு மணி தாண்டியதும் ஒன்ராறியோவின் பெரும்பகுதியிலும் அமெரிக்காவின் எட்டு மாநிலங்களிலும் மின்சாரம் நின்றது. ஏறத்தாழ 5 கோடி மக்கள். ஒகாயோவில் தொய்ந்த மின்கம்பிகள் மரங்களில் முட்டியதும், அதை அறிவித்திருக்கவேண்டிய கணினி எச்சரிக்கை பேசாமல் கிடந்ததும் தொடக்கம். அன்றிரவு ரொறன்ரோ வானத்தில் பால்வீதி தெரிந்ததைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். வீட்டு வாசல்களிலும் அடுக்குமாடித் தரிப்பிடங்களிலும், எங்கும் போகாத கார்களுக்குள் ஆட்கள் உட்கார்ந்திருந்ததைப் பற்றி அவ்வளவாக எழுதப்படவில்லை. கைத்தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் வயரைச் செருகிய துளைக்கு அப்போதே எண்பது வயதளவு. 1920களில் அமெரிக்கக் கார்களில் சுருட்டுப் பற்றவைக்கும் கருவி வரத் தொடங்கியது. முதலில் வந்தவற்றில் கருவி ஒரு வயரோடு வெளியே இழுபடும். பிறகு வயரில்லாத குமிழ் வந்தது: அமுக்கினால் உள்ளேயுள்ள கம்பிச்சுருள் பழுக்கும், எடுத்துப் பற்றவைத்துவிட்டுத் திருப்பிச் செருகலாம். குமிழை எடுத்துவிட்டால் எஞ்சுவது, நடுவில் நேர்முனையும் சுற்றுச்சுவரில் எதிர்முனையும் கொண்ட, ஏறத்தாழ 21 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு குழி. செருகியைப் பூட்டிவைக்க அதில் எதுவுமில்லை. குண்டும் குழியுமான வீதியில் சார்ஜர் கழன்று போவது அதனால்தான். சூடேறிய குமிழைத் துள்ளவிடச் செய்த குழி எதையும் இறுக்கிப் பிடிக்காது.

1950களின் நடுவில் அமெரிக்கக் கார்கள் 6 வோல்ற்றிலிருந்து 12 வோல்ற்றுக்கு மாறின. குழியின் அளவுகளை அங்குள்ள வாகனப் பொறியியலாளர் சங்கம் ஜே563 என்ற தரவிதியில் எழுதிவைத்தது. வாகனத்துக்கென்றே ஒழுங்காக வடிவமைத்த வேறு மின்துளைகளும் உண்டு. ஜேர்மன் மோட்டார்சைக்கிள்களில் காணலாம். ஆனால் எல்லாக் கார்களிலும் ஏற்கெனவே இருந்தது புகைபிடிப்போரின் துளை. புகைப்பழக்கம் குறைந்து, குமிழ் போய், அதன் இடத்தில் பிளாஸ்ரிக் மூடி வந்த பிறகும் துளை போகவில்லை.

தொலைபேசிக்கும் காருக்கும் உள்ள உறவு இதைவிட நெருக்கமானது. 1946 ஜூன் 17 அன்று சென்ற் லூயிஸ் நகரில் பெல் நிறுவனம் வாகனத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியபோது கருவி ஏறத்தாழ 36 கிலோ. பின்பெட்டியில் கிடந்து கார் பற்றறியில் ஓடியது. நடமாடும் தொலைபேசி என்றால் அன்று நடமாடியது கார்தான். 1973 இல் மார்ட்டின் கூப்பர் நியூயோர்க் தெருவில் கையில் பிடித்துப் பேசினார். பத்து ஆண்டு கழித்து மோட்டரோலாவின் டைனாடாக் 3,995 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. பத்து மணித்தியாலம் சார்ஜ் ஏற்றினால் அரை மணி பேசலாம். அந்தக் காலத்து வியாபாரிகள் பலர் தோற்பையில் வந்த, லைற்றர் துளையில் செருகும் தொலைபேசியை விரும்பியதில் வியப்பில்லை. அது 3 வாற்று வலுவில் அலை அனுப்பியது, கைக்கருவிக்கு 0.6 வாற்றுத்தான். காரைவிட்டு இறங்கிய தொலைபேசி, பசித்தபோதெல்லாம் காருக்கே திரும்பிவந்தது.

2003 இல் கணக்கு எளிது. சாதாரண கார் பற்றறியில் 600 வாற்றுமணி அளவு இருக்கும். அன்றைய நொக்கியாவுக்கு மூன்று நான்கு போதும். வீட்டில் எல்லோருடைய தொலைபேசியையும் ஏற்றினாலும் கார் மறுநாள் ஸ்ரார்ட் ஆகும். இருந்தும் பலர் பயந்து இயந்திரத்தை ஓடவிட்டார்கள். சில கார்களில் சாவியைத் திருப்பாமல் துளைக்கு மின்சாரமே வராது என்பதும் உண்மை. பெற்றோல் நிலையப் பம்பிகளும் மின்சாரத்தில்தான் ஓடுபவை. எரித்ததை நிரப்ப வழியில்லை.

இத்தனை பாடுபட்டும் இரவானபோது பலருக்கு இணைப்புக் கிடைக்கவில்லை. அலைக்கோபுரங்களின் சேமிப்புப் பற்றறிகள் சில மணித்தியாலத்துக்கு மட்டுமே. மூலையில் தூசிபிடித்துக் கிடந்த, வயரோடு கூடிய பழைய தொலைபேசி மட்டும் வேலை செய்தது. அதற்கு மின்சாரம் இணைப்பகத்திலிருந்து 48 வோல்ற்றில் செப்புக்கம்பி வழியே வருகிறது.

ஸ்காபரோவில் அன்று காருக்குள் இருந்தவர்களில் யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளைக் கழித்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவுமில்லை. பொருளாதாரத் தடையில் ரோர்ச் பற்றறியும் பெற்றோலும் தடுக்கப்பட்ட ஊரில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலியை ஓடவிட்டுத் தமிழோசை கேட்டார்கள். ஓரு வண்டி நின்ற இடத்தில் நின்றபடி செய்தி கொண்டுவரும் என்பதை அவர்கள் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். மண்ணெண்ணெயில் ஓடிய மொரிஸ் மைனர் தனிக் கதை.

கோடையில் இது வேடிக்கையாகவே முடியலாம். 2013 டிசம்பர் பனிமழையில் ரொறன்ரோவில் மட்டும் ஏறத்தாழ 3 இலட்சம் இணைப்புகள் அறுந்தன. நத்தார் கழிந்தும் பலருக்கு வெளிச்சம் வரவில்லை. குளிரில் ஈயப் பற்றறியின் கொள்ளளவு பாதியளவுக்குக் குறையும். அதனால் இயந்திரத்தை ஓடவிடுவது அவசியமாகிறது. குளிருக்காகக் காரைக் கராஜுக்குள்ளேயே வைத்திருக்கவும் மனம் வருகிறது. 2021 பெப்ரவரியில் ரெக்சாஸ் உறைந்தபோது, காரில் சூடு காயவும் தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்றவும் கராஜுக்குள் இயந்திரத்தை ஓடவிட்டவர்கள் உண்டு. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. கராஜுக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள கதவிடுக்கால் அது உள்ளே வரும். கராஜ் கதவைத் திறந்துவைத்தாலும் போதாது, காரை வெளியே எடுக்கவேண்டும். ஊரில் இருந்து வந்த பெற்றோரோடு வாழும் வீடுகளில் இதைத் தமிழில் ஒருமுறை சொல்லிவைப்பது நல்லது. அவர்கள் அறிந்த கார் கொட்டிலுக்குக் கதவே இருந்ததில்லை.

இப்போது வரும் கார்கள் பலவற்றில் வட்டத் துளைக்குப் பதில் யூஎஸ்பி துளைகளே உள்ளன. அவற்றிலும் சில, கார் அணைந்ததும் அணைந்துவிடும்; எவை என்பதை மின்சாரம் இருக்கும் நாளில் பார்த்துவைக்கலாம். மின்காரில் கதை வேறு. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு யப்பானில் நிசான் தன் லீஃப் காரிலிருந்து வீட்டுக்கே மின்சாரம் கொடுக்கும் கருவியை விற்கத் தொடங்கியது. ஹுண்டாய் ஐயோனிக் 5 நின்றபடியே 3.6 கிலோவாற்று தரும். தொலைபேசியோடு கேத்திலையும் செருகி, வாசலில் தேத்தண்ணி போடலாம்.