வெட்டப்பட்ட காட்சிகளும் நிலைத்துவிட்ட சொல்லும்

தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் ஜும்ஆ முடிந்து வெளியே வரும் நம் இளைஞர்களின் பேச்சில் திரைப்படமும் செல்பேசி விளையாட்டும் இடம்பெறாத வாரம் அரிது. அவை கூடுமா, கூடாதா எனும் மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் விட்டுவிடுவோம். இவற்றுக்கு எதிராக நாம் எழுப்பிய ஆட்சேபங்களின் வரலாற்றை மட்டும் இங்கே பார்ப்போம்.

2008 அக்டோபரில் சோனி நிறுவனத்தின் 'லிட்டில் பிக் பிளானட்' விளையாட்டு கடைகளுக்கு வரவிருந்தது. அதில் இடம்பெற்ற ஒரு பாடலில் திருக்குர்ஆனின் சொற்றொடர்கள் இரண்டு இருப்பது தெரியவந்ததும் நிறுவனம் வெளியீட்டைத் தள்ளிவைத்து, குறுந்தகடுகளைத் திரும்பப் பெற்றது. அந்தப் பாடலுக்குரிய மாலி நாட்டுக் கலைஞர் துமானி ஜபாத்தே ஒரு முஸ்லிம் என்பதையும் குறிப்பிட வேண்டும். 2012 அக்டோபரில் 'கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2' விளையாட்டின் ஒரு களத்தில், அல்லாஹ்வின் அழகைப் பற்றிய நபிமொழி கழிவறைச் சுவரில் தொங்குவதாக முறையீடு எழுந்தது. நிறுவனம் மன்னிப்புக் கோரி அக்களத்தை அகற்றியது. பின்னர் திருத்தி மீண்டும் சேர்த்தது. இரண்டிலும் பிழை இன்னதெனச் சுட்ட முடிந்தது. நீக்கியதும் குறை தீர்ந்தது.

அதற்கு அடுத்த மாதமே தமிழகத்தில் எழுந்த வழக்கு வேறு வகைப்பட்டது. 2012 தீபாவளிக்கு வெளியான 'துப்பாக்கி' படத்திற்குக் கண்டனம் எழுந்தது. படக்குழு வருத்தம் தெரிவித்துச் சில காட்சிகளை நீக்கியது. ஆயினும், 'ஸ்லீப்பர் செல்' எனும் சொல்லை எவராலும் வெட்ட இயலவில்லை. பக்கத்து வீட்டில் அமைதியாக வாழும் முஸ்லிமும் ஒருநாள் விழித்தெழும் பயங்கரவாதியாக இருக்கலாம் எனும் ஐயத்தை அச்சொல் சுமந்து திரிந்தது. 2017இல் அ.தி.மு.க. பிளவின்போது, எதிரணியிலுள்ள தம் ஆதரவாளர்களைக் குறிக்க டி.டி.வி. தினகரன் அதே சொல்லைத்தான் எடுத்தாண்டார். ஐந்தாண்டுகளில் அது அரசியல் கேலிச்சொல்லாகிவிட்டது.

'விஸ்வரூபம்' நிகழ்வு யாவரும் அறிந்தது. 2013 ஜனவரி 25 அன்று வெளியாகவிருந்த படத்தை, இஸ்லாமிய அமைப்புகளின் எதிர்ப்பைத் தொடர்ந்து, தமிழக அரசு இரு வாரங்களுக்குத் தடை செய்தது. தணிக்கை வாரியம் அதற்கு ஏற்கெனவே சான்றளித்திருந்தது. உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தடையை நிறுத்திவைத்தார். மறுநாளே இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை விலக்கியது. அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த நம் தாம்பரம் உட்பட மாநிலமெங்கும் படம் திரைக்கு வரவில்லை. இறுதியில் பேச்சுவார்த்தை நடந்தது. ஏழு இடங்களில் ஒலியும் காட்சியும் திருத்தப்பட்டு, பிப்ரவரி 7 அன்று படம் வெளியானது. தடையின் பரபரப்பே படத்திற்குப் பெரும் விளம்பரமாகவும் அமைந்தது.

அந்த ஏழு இடங்கள் எவை என்று இன்று நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? படத்தின் நாயகனும் ஒரு முஸ்லிம்தான் என்பதைக்கூட அந்நாட்களில் நாம் விரிவாக விவாதிக்கவில்லை. ஒரு சமுதாயத்தின் முகம் எவ்வாறு வரையப்படுகிறது என்பது கழிவறைச் சுவரில் தொங்கும் படச்சட்டத்தைப் போன்றதன்று. கழற்றி எடுத்துவிட முடியாது. அதற்குத் தேவைப்பட்டது பொறுமையான, கூர்மையான விமர்சனம். நாம் கொடுத்தவையோ மனுக்களும் முழக்கங்களும்.

முன்பு வேறு முகங்களும் திரையில் இருந்தன. 1961இல் வந்த 'பாவமன்னிப்பு' படத்தில் முஸ்லிம் ஒருவரால் வளர்க்கப்படும் ரஹீமாகச் சிவாஜி கணேசன் நடித்தார். நம் நாகூர் ஹனீபா அவர்களும் டி.எம். சௌந்தரராஜனும் அதில் இணைந்து பாடினர். 2021 நவம்பரில் வெளியான 'மாநாடு' படத்தின் நாயகன் பெயர் அப்துல் காலிக். முதலமைச்சரைக் கொன்று, பழியை ஒரு முஸ்லிமின்மேல் சுமத்திக் கலவரம் மூட்டும் சதியை அவன் ஒரே நாளைத் திரும்பத் திரும்ப வாழ்ந்து முறியடிக்கிறான். படம் பெருவெற்றி பெற்றது. அதைப் பற்றி நம் பள்ளிவாசல் வாயில்களில் துண்டறிக்கை எதுவும் விநியோகிக்கப்பட்டதாக நாம் காணவில்லை.