செடிக்குக் கண்ணாடிப் பெட்டி

தாவரவியல் பூங்கா என்றதும் நமக்கு ஊட்டி மலர்க் கண்காட்சியும் செல்பியும்தான் நினைவுக்கு வருகின்றன. வெள்ளையர் ஆட்சிக்கு அவை உலாவும் இடங்கள் மட்டுமல்ல. எந்த நாட்டுச் செடி எந்த மண்ணில் பிழைக்கும், எவ்வளவு காசு தரும் என்று சோதித்த நாற்றங்கால்கள்.

கண்டிக்கு அருகே பேராதனைத் தோட்டம் 1821இல் தொடங்கியது. 1869இல் இலங்கைக் காப்பியில் இலைத்துரு நோய் விழுந்தது. முதலாளிகள் மாற்றுப்பயிர் தேடினார்கள். சிங்கோனாவும் ரப்பரும் இப்படிப்பட்ட அரசுத் தோட்டங்கள் வழியாகத்தான் வந்தன. 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,900 ரப்பர் கன்றுகள் 38 கண்ணாடிப் பெட்டிகளில் கப்பலேறின. வழியில் வாடாமல் பார்த்துக்கொள்ள ஒரு தோட்டக்காரரும் கூடவே போனார்!

அதே 1876இல் இங்கே பெரும்பஞ்சம். தருமபுரி அன்று சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது; பஞ்சம் கடுமையாகத் தாக்கிய மாவட்டங்களில் சேலமும் ஒன்று. சேலம், திருச்சி, மதுரைப் பக்கங்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினார்கள். போனவர்களில் பெரும்பாலோர் பறையர், பள்ளர், அருந்ததியர். ஊரில் ஒரு குழி நிலமும் இல்லாதவர்கள். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் பலர் வழியிலேயே செத்தார்கள். மிஞ்சியவர்கள் தலையில் வழிச்செலவே கடனாக ஏறியது.

அவர்கள் வளர்த்த தேயிலை இலங்கையின் செல்வமானது. 1948இல் அந்நாடு அவர்களுடைய குடியுரிமையைப் பறித்தது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பலருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்ட வேலை கிடைத்தது. மறுபடியும் கொழுந்துக் கூடை, மறுபடியும் லயன் வீடு. நம் டூர் பஸ் ஏறுவது அந்த மலையில்தான்.